கடைசி நிரையில் நின்றவள்

4

ஏகாம்பரம் தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த சாக்கை இரண்டு கையாலும் எடுத்துக் கட்டிலில் விரித்தான். பட்டுப்புடவை விரிப்பவனின் பக்குவம் அதில் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கோ சார். இதான் நான் தச்சது. கொழுந்து பறிக்கிற பொண்ணு இடுப்புல கட்டுற சாக்கு. வெறும் சாக்கு ஸ்கிரீன்ல எடுபடாது. அதான் செவப்பு பார்டர் வச்சேன்."

"ஜரிகை வைக்க மறந்துட்டீங்களேண்ணே," என்றான் சோலைமலை.

"வச்சேன். டைரக்டர் பிரிக்கச் சொல்லிட்டாரு."

சோலைமலை நூர்தீனைப் பார்த்தான். நூர்தீன் சிரிக்கவில்லை. அவர் பொதுவாகச் சிரிப்பதில்லை. போலீசில் சார்ஜன்டாக இருந்து, மேலதிகாரி எழுதச் சொன்ன பொய்யை எழுத மறுத்து வெளியே வந்தவர். இப்போது அட்டனில் ஒரு புடவைக் கடையின் மேல் மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, துப்பறியும் தொழில். சோலைமலை அதற்கு முன் அட்டன் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். படம் பார்த்துப் பார்த்து வாய் நீண்டுவிட்டது என்பது நூர்தீனின் கருத்து. அவரை அவன் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

ஏகாம்பரம் செத்துப்போன நடிகை நளினாதேவியின் காஸ்ட்யூமர். சென்னையிலிருந்து படப்பிடிப்புக் குழுவோடு நுவரெலியா வந்தவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் தையலைப் பற்றிப் பேசும்போது குரல் சரியாகிவிட்டது.

நேற்று, புதன்கிழமை காலை, ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளத்தில் நளினாதேவி பின்மண்டை உடைந்து கிடந்தாள். கொழுந்து பறிப்பவளின் உடையில் இருந்தாள். பிணத்தைக் கண்டு தூக்கி வந்தவன் அழகன் என்ற தொழிலாளி. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவனுடைய ஒற்றை அறைக் காம்பராவைப் போலீஸ் துழாவியபோது, அரிசி டின்னுக்குள் நடிகையின் மோதிரங்கள் கிடைத்தன. போலீசுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அழகனின் தாய் ராசம்மா அட்டனுக்கு வந்து நூர்தீனின் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அழவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அதனால்தான் நூர்தீன் இங்கே, நுவரெலியாவில், ஏகாம்பரத்தின் அறையில் இருக்கிறார்.

அவர் சட்டைப் பையிலிருந்து பிணத்தின் புகைப்படத்தை எடுத்தார். பழைய சிநேகிதன் ஒருவன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொடுத்தது.

"இந்தச் சாக்க நீங்க தச்சீங்களா?"

ஏகாம்பரம் முகத்தைப் பார்க்காமல் சாக்கை மட்டும் பார்த்தான். அதற்குச் சிரமப்பட்டான்.

"சேச்சே. பார்டரே இல்ல. கீழ பாரு, பூப்போட்ட துணியில ஒட்டுப் போட்டிருக்கு. நானா இப்படித் தைப்பேன்? கட்டியிருக்கிற விதமே வேற சார். நான் இடுப்பு தெரியறாப்புல முன்னாடி முடிச்சுப் போடுவேன். இது நெஞ்சுக்குக் கீழ ஏத்தி, கயித்த ரெண்டு சுத்துச் சுத்தி, ஓரத்துல சொருகியிருக்கு."

"ஈரச் செடி வயித்துல படாம இருக்கத்தான் அது. லயத்துப் பொம்பளைங்க அப்படித்தான் கட்டுவாங்க," என்றான் சோலைமலை.

"போலீஸ் உங்ககிட்ட இதக் கேக்கலியா?" என்றார் நூர்தீன்.

"கேட்டாங்க. அம்மா படத்துல சாக்குக் கட்டி நடிச்சாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எழுதிக்கினு போய்ட்டாங்க. போட்டோவ எவன் காட்டுனான்?"

"செவ்வாய்க்கிழமை ஷூட்டிங் இருந்திச்சா?"

"எங்க? எதிர்ல இருக்கிற ஆள் தெரியாத பனி. அம்மா தலைவலின்னு கதவச் சாத்திக்கிட்டாங்க. அம்மாவுக்குத் தலைவலின்னா ஒருத்தரும் கதவத் தட்டக் கூடாது. யாரும் தட்டல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தட்டியிருக்கலாம்."

நூர்தீன் புகைப்படத்தில் விரலை வைத்தார். "வலது கைய பாருங்க. பெருவிரலும் பக்கத்து விரலும் கறுப்பா இருக்கு. கொழுந்துக் கறை. படத்துக்குப் பறிச்சதா?"

"பறிக்கிறதா? கூடைய முன்னாடியே ரொப்பி முதுகுல மாட்டிவுட்டுத்தான் சார் கேமரா ஓடும். அம்மா சும்மா கைய ஆட்டுவாங்க. ஆனா ஒண்ணு சார்." ஏகாம்பரம் தயங்கினான். "அந்தக் கை ஆட்டுறது இருக்கே, எவளுக்கும் வராது. டைரக்டரே அசந்து போய்ட்டாரு. எங்க கத்துக்கிட்டேம்மான்னு கேட்டாரு. தஞ்சாவூர் மிராசுதார் வீட்டுப் பொண்ணுக்கு இதெல்லாம் எப்படி வரும்?"

"எப்படி வரும்?" என்றார் நூர்தீன். கேள்வியாகக் கேட்கவில்லை.

---

மொரிஸ் மைனர் நானுஓயாவைத் தாண்டித் தலவாக்கலைப் பாதையில் இறங்கியது. பனி விலகியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. காரின் வைப்பர் ஒன்றுதான் ஓடியது. அது சோலைமலையின் பக்கத்து வைப்பர். ஓட்டியது நூர்தீன்.

"வளைவு வருது நானா. இடது பக்கம். இப்ப வலது. எதிர்ல ஒரு மாடு, கொம்பு இருக்கு."

"கொலைகாரன் அந்த உடுப்பை மாத்தி விட்டிருப்பானா?" என்றார் நூர்தீன்.

"மாத்திவிட்டு, விரலுக்குக் கறையும் ஏத்தியிருப்பானா? அவன் என்ன மேக்கப்மேனா?"

"அப்ப அவளே கட்டியிருக்கா. அவளே பறிச்சிருக்கா. மோதிரத்தோட கொழுந்து பறிக்கேலாது. கழட்டி எங்கயாவது வச்சிருக்கணும். திருடுறவன் மோதிரத்த எடுத்திட்டு கழுத்துச் சங்கிலிய விட்டுட்டுப் போவானா?"

"சங்கிலி இருந்திச்சா?"

"இருந்திச்சு. ரவிக்கைக்குள்ள."

சோலைமலை கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான். அப்புறம், "அழகன் பொண்டாட்டி காளியாயிக்குத் திங்கக்கெழமை அட்டன் கோட்டுல சாட்சி இருக்காம், ராசம்மா சொல்லிச்சு," என்றான். "சின்னத்தம்பின்னு ஒருத்தன் பாறையில வழுக்கி விழுந்து செத்துட்டான்னு எழுதி முடிச்சாங்களாம். வழுக்கல, தள்ளிவிட்டாங்கன்னு சொன்னவ இவ ஒருத்திதான். இப்பப் பாருங்க, ஒரே காம்பராவுல ஒருத்தி சாட்சி, ஒருத்தன் கைதி. ஜட்ஜு ஒருத்தர்தான் பாக்கி."

தோட்டத்து எல்லையில் மாடசாமி கோவில் தகரக் கதவு பூட்டிக் கிடந்தது.

"சாமிக்கு லீவா?" என்றார் நூர்தீன்.

"பூசாரிக்கு லீவு. செவ்வாயும் வெள்ளியும்தான் அவன் பூசாரி. மத்த நாள்ல நம்மள மாதிரி மம்பட்டி புடிக்கப் போயிருவான். மந்திரிச்ச கயிறு வேணும்னாலும் செவ்வாய், வெள்ளிதான். அது எந்தத் தோட்டத்துலயும் மாறாது. கொத்மலையில எனக்குப் புதன்கெழம பேய் புடிச்சப்ப, வெள்ளிக்கெழம வரைக்கும் எங்கம்மா பேய்க்கும் சேத்துச் சோறு போட்டா."

"இன்னும் போகல்ல போல."

"சோறு நல்லாருந்திச்சு நானா. அது எப்படிப் போகும்?"

மலையில் பெண்கள் நிரை நிரையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் கறுப்புக் கம்பளி, முதுகில் கூடை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒருத்திதான். பாதையோரம் குடை பிடித்து நின்றவன் கங்காணி பொன்னையா. கனத்த உடம்பு, பழைய கோட்டு, தலைப்பாகையில் செருகிய வேப்பங்கொத்து. வலது மணிக்கட்டில் புதிய கறுப்புக் கயிறு.

"வாங்க நானா. போலீஸ் வந்து எல்லாம் எழுதிக்கிட்டுப் போயிருச்சே."

"அவங்க எழுதினத நான் வாசிக்க வந்தன். கையில என்ன கங்காணி?"

பொன்னையா கையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டான். "நேத்து அந்தப் பொணத்தப் பாத்ததுலருந்து ஈரக்கொல நடுங்குது. அதான் கட்டிக்கிட்டேன். சினிமாக்காரி பேயி லேசுப்பட்டதா?"

"பாட்டெல்லாம் பாடுமே," என்றான் சோலைமலை.

"செவ்வாய்க்கிழமை வேலைக்கு எல்லாரும் வந்தாங்களா?" என்றார் நூர்தீன்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப ஒரு ஆள் கொறையல. கொழுந்து பொங்கி நிக்கிது. எவளுக்கும் லீவு இல்லன்னு மொதநாளே சொல்லிட்டேன்."

நூர்தீன் பெண்களிடம் போனார். முதல் நிரையில் நின்றவளிடம் நடிகையைப் பார்த்தாயா என்று கேட்டார். "நடிகைய நாங்க யாரும் பாக்கலிங்க," என்றாள். இரண்டாம் நிரையில் கேட்டார். "நடிகைய நாங்க யாரும் பாக்கலிங்க." அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும்.

"வசனம் நல்லாருக்கு," என்று சோலைமலை மெதுவாகச் சொன்னான். "ஆனா எல்லாருக்கும் ஒரே வசனம்னா எழுதிக் குடுத்த ஆள் ஒருத்தர் இருக்கணும்."

மலையின் ஓரத்தில் மீனம்மா என்ற நடுவயதுப் பெண் நின்றாள். அவளுக்கு அப்பால் ஒரு நிரை ஆளில்லாமல் கிடந்தது. அதற்கு அப்பால் பள்ளம்.

"இந்த நிரை யாருது?"

மீனம்மாவின் கை நிற்கவில்லை. "செவ்வாக்கெழம காளியாயிக்குக் குடுத்தாரு கங்காணி. இப்ப புருசன் ஜெயில்ல. வேலைக்கு வரல."

"செவ்வாய்க்கிழமை அவ இங்க நின்னு பறிச்சாளா?"

மீனம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நடிகைய நாங்க யாரும் பாக்கலிங்க," என்றாள்.

---

காம்பராவுக்குள் புகை. காளியாயி அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். உத்தரத்திலிருந்து தொங்கிய சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியது. கறுப்புச் சேலை, அதில் வெள்ளைப் பூக்கள். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து எடுத்திருந்தது. தொட்டிலுக்குக் கீழே நுவரெலியா ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது.

நூர்தீன் புகைப்படத்தை வெளியே எடுக்கவில்லை. அந்த ஒட்டுத் துணியின் பூக்கள் அவருக்கு நினைவிருந்தன.

சோலைமலை வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் தொட்டிலைப் பார்க்கவில்லை. காளியாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நளினாதேவியின் எல்லாப் படத்துக்கும் டிக்கெட் கிழித்தவன் அவன். தியேட்டர் சுவரில் அவள் முகத்தைப் பசை தடவி ஒட்டியவனும் அவனே. மழையில் நாலு நாள் நனைந்தால் சுவரொட்டியில் சாயமெல்லாம் போய் முகத்தின் கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்த முகம் இங்கே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது.

"நானா," என்றான்.

"நானும் பார்த்தன்," என்றார் நூர்தீன். தரையில் உட்கார்ந்தார். "தங்கச்சி, ராசம்மா என்ன அனுப்பினா. உங்க புருசன் கொல்லல்ல. அது எனக்குத் தெரியும். மோதிரம் எப்படி உங்க அரிசி டின்னுக்கு வந்திச்சு?"

காளியாயி எழுந்து தொட்டிலுக்குப் போனாள். குழந்தையின் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"நளினாதேவி உங்களுக்கு யாரு?"

கை தலையில் இன்னும் இறுகியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வந்தது.

"கேக்காதீங்க நானா," என்றான் சோலைமலை. "புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கு. அத மீறுனா புள்ள தங்காது. லயத்துல எந்தத் தாயும் மீற மாட்டா. புருசன் தூக்குல தொங்கினாலும் மீற மாட்டா."

"மெய்யா?"

"வெளிய நிக்கிறவளுங்க எல்லாம் ஒரே வசனம் பேசுறது வேற எதுக்கு? இந்தப் புள்ளைக்காகத்தான்."

நூர்தீன் கொஞ்ச நேரம் ஈர விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ரிமாண்டில் ஒருவன் இருக்கிறான். மேலே தொட்டிலில் ஒன்று கிடக்கிறது. ஒரு சொல்லால் ஒன்றைக் காப்பாற்றலாம், இரண்டையும் முடியாது என்று இந்தப் பெண் நம்புகிறாள். அந்த நம்பிக்கையோடு வாதாட அவருக்கு உரிமை கிடையாது.

"சரி," என்றார். "நீங்க பேச வேணாம். நான் பேசுறன். நான் சொல்றது பிழையெண்டா அந்த அடுப்ப ஊதுங்க. சரியெண்டா சும்மா இருங்க. சும்மா இருக்கிறது சத்தியத்த மீறுறதாகாது."

அவள் குழந்தையின் தலையிலிருந்து கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"அவ மிராசுதார் வீட்டுப் பிள்ள இல்ல. இதே லயத்துல பிறந்தவ. சின்ன வயசுல இந்தியாவுக்குக் கப்பலேறினா. உங்க அக்கா."

அடுப்பு ஊதப்படவில்லை.

"சினிமாவுல வேற பேரு, வேற ஊரு, வேற அப்பா. இப்ப இங்க படமெடுக்க வந்தா. ஒளிஞ்சு ஒளிஞ்சு இந்தக் காம்பராவுக்கு வந்தா. யார்கிட்டயும் சொல்லாதேண்டு பிள்ள தலையில சத்தியம் வாங்கினா."

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்து கேக்கல்ல. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். கங்காணி லீவு தரமாட்டேனெண்டான். வராட்டி காம்பராவ விட்டுப் போகச் சொல்லியிருப்பான். அதனால பெரட்டுல நீங்க போய் நின்னீங்க. பிறகு மலைக்குப் போற வழியில, பனிக்குள்ள, ரெண்டு பேரும் மாறிக்கிட்டீங்க. உங்க சாக்கு, உங்க கம்பளி, உங்க கூடை. மோதிரத்த முன்னமே இங்க கழட்டி வச்சிட்டா. நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானுஓயா வழியா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. அவ உங்க நிரையில நின்னா. பக்கத்துல நின்னவங்களுக்குத் தெரியும். யாரும் காட்டிக் குடுக்கல்ல."

வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு அணைந்தே கிடந்தது.

"அது வரைக்கும் எனக்குத் தெளிவா இருக்கு," என்றார் நூர்தீன். "இனித்தான் இல்ல. அவளுக்கு எதிரிங்க இருந்திருப்பாங்க. பொறாமை பிடிச்சவ, ஏமாந்த முதலாளி, பைத்தியம் பிடிச்ச ரசிகன். எவனெண்டாலும் அவள நுவரெலியாவுல பூட்டின அறையிலதான் தேடியிருப்பான். இந்தத் தோட்டத்துல, உங்க கம்பளிக்குள்ள, உங்க நிரையில அவ நிப்பாளெண்டு உங்க ஆக்களத் தவிர எவனுக்குத் தெரியும்? கொல்ல வந்தவன் முகத்தப் பார்க்கல்ல. பின்னால வந்து அடிச்சான். கம்பளிய அடிச்சான்."

அவர் நிறுத்தினார். சொல்லிக்கொண்டே வந்தவர், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பதை அப்போதுதான் கண்டார்.

காளியாயி அவருக்கு முன்னமே அங்கே வந்துவிட்டாள்.

"எனக்கு வந்ததா?" என்றாள்.

நூர்தீன் சோலைமலையைப் பார்த்தார்.

"ஐயா, அது எனக்கு வந்ததா?"

"ஆமா," என்றார் நூர்தீன்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கேட்டபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"பள்ளத்துல நான் செத்துக் கெடந்திருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

நூர்தீன் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றியது. பொய் எழுத மாட்டேன் என்று ஒருமுறை வேலையையே விட்டிருந்தார்.

"இல்ல தங்கச்சி. வழுக்கி விழுந்தாளெண்டு எழுதியிருப்பாங்க."

"சின்னத்தம்பிக்கு எழுதுன மாதிரி."

"அவனத் தள்ளினது யாரு? கோட்டுல யார் மேல சாட்சி சொல்லப் போறீங்க?"

"கங்காணி மேலதான். அவரு தள்ளுனத நான் பாத்தேன். வேற யாரும் பாக்கல." இதைச் சொல்ல எந்தச் சத்தியமும் தடுக்கவில்லை. "லீவு கேட்டப்ப, வந்தே ஆகணும்னாரு. பெரட்டுல எனக்குக் கடைசி நிரையக் குடுத்தாரு. எப்பவும் எனக்கு நடு நிரைதான். என்னடா இதுன்னு நெனச்சேன்."

"போதாது," என்றார் நூர்தீன். "நிரை குடுத்தது குற்றமில்ல. நீங்க செத்துட்டீங்களெண்டு அவன் நம்பினதுக்கு அடையாளம் வேணும். செவ்வாய்க்கிழமை நீங்க திரும்பி வந்தப்ப அவனக் கண்டீங்களா?"

"அந்தியில தண்ணிப் பீலிக்கிட்ட பாத்தேன். புள்ளையோட நடந்து வந்தேன். என்னப் பாத்ததும் கொடையப் போட்டுட்டு ஓடுனாரு. தண்ணி புடிச்சிக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. குடிச்சிருக்காருன்னு நானும் சிரிச்சேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா பள்ளத்துல கெடந்திருக்கா. நான் சிரிச்சேன்."

சோலைமலை வாசலில் இருந்து நிமிர்ந்தான். அவன் முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை.

"நானா, இன்னைக்கு வியாழக்கெழம."

"அதுக்கு?"

"கையில கயிறு."

---

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். மூன்று ஆண்கள் சாக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மெலிந்த ஒருவனைச் சோலைமலை தோளில் தட்டிக் கூட்டி வந்து நூர்தீனுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மாடசாமி கோவில் பூசாரி. இன்று சாக்குத் தூக்குகிறவன்.

"கங்காணி," என்றார் நூர்தீன், "அந்தக் கயிறு எப்ப கட்டினது எண்டு சொன்னீங்க?"

"நேத்துன்னுதான் சொன்னேனே. பொணத்தப் பாத்த பயத்துல." பொன்னையாவின் பார்வை பூசாரி மேல் விழுந்தது. "நேத்தா, முந்தாநேத்தான்னு யாரு கணக்கு வச்சா?"

"நேத்துப் புதன்கெழம," என்றான் பூசாரி. அவனுக்கு இது தன் கோவில் விவகாரம். அதில் விட்டுக்கொடுக்க மாட்டான். "புதன்கெழம நான் கயிறு தொடுறதில்ல. செவ்வாக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல வந்தீங்க. செத்தவ நடந்து வர்றான்னு சொன்னீங்க. நான்தானே கட்டுனேன்?"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை," என்றார் நூர்தீன். "பிணம் கிடைச்சது புதன் காலையில. செவ்வாய் அந்திக்கு இந்தத் தோட்டத்துல யாரும் செத்ததா ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எந்தப் பேய்க்குப் பயந்தீங்க கங்காணி? அப்ப நடந்து வந்தது யாரு?"

பொன்னையா வாயைத் திறந்தான். அவன் பார்வை நூர்தீனின் தோளுக்கு மேலே போய் நின்றது. மடுவத்து வாசலில் காளியாயி நின்றாள். இடுப்பில் குழந்தை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் சிரித்தவள் மீனம்மா. அது சிரிப்பாகத் தொடங்கி வேறு எதுவோ ஆயிற்று. "பீலிக்கிட்ட ஓடுனியேடா," என்றாள். "அதுக்குத்தானா ஓடுன?" கூடையை இறக்கி வைத்தாள். பக்கத்தில் நின்றவளும் இறக்கினாள். கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

பொன்னையா ஓடிப் பார்க்கவில்லை. ஓட வழியும் இல்லை. குடையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"மூஞ்சியப் பாக்கல," என்றான். "அவ நிரையில வேற எவ நிப்பா? நானே குடுத்த நிரை."

---

அழகனை மறுநாள் விட்டுவிட்டார்கள். மோதிரம் எப்படி வந்தது என்று காளியாயியிடம் யாரும் கேட்கவில்லை. நூர்தீன் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதும், இன்ஸ்பெக்டர் எழுதியதும், பேப்பர்காரர்கள் போட்டதும் ஒன்றுதான்: பாத்திரத்தை உள்ளபடி உணர்வதற்காக நளினாதேவி ஒரு நாள் உண்மையான தொழிலாளியின் இடத்தில் நின்று கொழுந்து பறித்தாள், மோதிரங்களைக் கழற்றி அந்தத் தொழிலாளியிடம் கொடுத்து வைத்தாள், அவளை அந்தத் தொழிலாளி என்று நினைத்து ஒரு கொலைகாரன் அடித்துவிட்டான். கலைக்காக உயிர் கொடுத்தவள் என்று தலைப்பு வைத்தார்கள். அதில் பொய் அதிகமில்லை. நூர்தீன் தன்னால் எழுத முடிந்த பொய் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கோச்சியில் நளினாதேவியின் சவப்பெட்டி கொழும்புக்குப் போயிற்று. நானுஓயா ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் படத்துக்கு டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அழ உரிமை இருந்தது. ஒருவன் மயங்கி விழுந்தான். அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

காளியாயி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழந்தையோடு நின்றாள். காய்ச்சல் விட்டிருந்தது. குழந்தை இஞ்சினைப் பார்த்துக் கையை ஆட்டியது. கொஞ்சம் தள்ளி அழகன் நின்றான். அவன் அவளைத் தொடவில்லை. தொட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு ஒப்பாரி வச்சா என்னவாம்?" என்றான் சோலைமலை. "ஊரே வைக்கிது. யாரு கண்டுபுடிப்பா?"

"ஒப்பாரியில முறை சொல்லணும் இல்லியா?" என்றார் நூர்தீன்.



ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பெட்டியில் வைக்க மாலை போதவில்லை என்று யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்தவன், தொட்டியருகே தனியாக நின்றவளைப் பார்த்து நின்றான். ஒரு கணம் அவன் முகம் குழம்பியது. அளவெடுத்துப் பழகிய கண் அது. பிறகு தலையை உதறிக்கொண்டான்.

"ரசிகையாம்மா?"

காளியாயி குழந்தையின் தலையில் கையை வைத்தாள்.

"ஆமாங்க."

"அம்மா நடிச்சதுல எந்தப் படம் உனக்குப் புடிக்கும்?"

அவள் ஒரு படமும் பார்த்ததில்லை. தியேட்டர் இருந்த டவுனுக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறாள். பெட்டி ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"இங்க எடுத்தாங்களே, கொழுந்துக்காரி படம். அதுங்க."

"அது முடியலியேம்மா. இனிமே வெளியவும் வராது."

"பரவால்லிங்க," என்றாள் காளியாயி. "நான் பாத்துட்டேன்."